செட்டிங்குக்கு ஒரு முகவரி: எடிட்டர் பிளகின்களின் ஆவணங்கள்

கோட் எடிட்டருக்கு ஒரு பிளகின் எழுதி வெளியிடுகிறவர்களில் பலருக்கு ஆவணம் என்றால் கிட்ஹப் பக்கம்தான். மேலே ஒரு லோகோ, அதற்குக் கீழே வண்ண வண்ணமாக நாலைந்து பேட்ஜ்கள், அடுத்து ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு ஜிஃப் படம், சிறப்பம்சங்களின் பட்டியல், நிறுவும் முறை, கடைசியில் எல்லா செட்டிங்குகளையும் ஒரே மூச்சில் கொட்டிய நீண்ட நிரல்துண்டு. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கம் பிளகினை இன்னும் நிறுவாதவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. நிறுவி ஆறு மாதம் ஆன ஒருவர் இருக்கிறார். கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் எடிட்டர் ஒரு கணம் உறைந்துபோகிறது. அதை எந்த செட்டிங் சரிசெய்யும் என்று தெரிய வேண்டும். அவர் பிரவுசரைத் திறந்து, பக்கத்தைக் கண்டுபிடித்து, இருநூறு வரி நிரல்துண்டுக்குள் துழாவத்தான் வேண்டும்.

ஆவணத்தின் வடிவமைப்பைச் சீராக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் விவாதம் அட்டவணையா பட்டியலா, தலைப்பில் இமோஜி வேண்டுமா வேண்டாமா என்றே போகிறது. அதெல்லாம் இரண்டாம்பட்சம். பிளகினில் இருக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும், செட்டிங்குக்கும், விசைச்சேர்க்கைக்கும் ஒரு முகவரி கொடுத்து, எடிட்டரை விட்டு வெளியே போகாமலே அங்கே போய்ச்சேர வழி செய்வதுதான் வடிவமைப்பின் முதல் வேலை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பழைய எடிட்டர்கள் சில, புதியவற்றைவிட முன்னே நிற்பது தெரியும்.

விம் எடிட்டரிலிருந்து தொடங்கலாம். பிராம் மூலெனார் 1991இல் அமிகா கணினிக்காக வெளியிட்ட இந்த எடிட்டரின் உதவிப் பக்கங்கள் எல்லாம் சாதாரண உரைக்கோப்புகள். 2001இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து பிளகின் எழுதுகிறவரும் அதே வடிவில் தன் உதவிக்கோப்பைச் சேர்த்துவிடலாம். பிளகின் கோப்புறைக்குள் ‘டாக்’ என்று ஓர் உட்கோப்புறை. அதற்குள் கோப்பைப் போட்டால் போதும். கற்றுக்கொள்ள வேண்டிய குறிகள் கைவிரல்களில் அடங்கும். இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுதிய சொல் ஒரு முகவரி. இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே எழுதினால் அந்த முகவரிக்கான இணைப்பு. வரி முழுக்கச் சமக்குறி போட்டால் புதிய பிரிவு. வரியின் கடைசியில் டில்டே குறி வந்தால் உபதலைப்பு. வரி ‘>’ குறியில் முடிந்தால் அடுத்த வரியிலிருந்து நிரல்துண்டு. வரியின் தொடக்கத்தில் ‘<’ வந்தால் நிரல்துண்டு முடிந்தது.

கோப்புகளைப் போட்டபின் ‘ஹெல்ப்டேக்ஸ்’ கட்டளையை ஓட்டினால், நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் சொற்களையெல்லாம் திரட்டி ‘டேக்ஸ்’ என்ற கோப்பில் வரிசைப்படுத்தி வைக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் விஷயம் எவ்வளவு எளிது என்பது விளங்கும்: ஒவ்வொரு வரியிலும் முகவரி, அது இருக்கும் கோப்பின் பெயர், கோப்புக்குள் அதைக் கண்டுபிடிக்கும் தேடல், இவ்வளவுதான். பயனர் ‘ஹெல்ப்’ என்று அடித்து முகவரியின் பாதியை எழுதி டேப் விசையைத் தட்டினால் மீதி தானே வந்து நிற்கும். ஒரே முகவரியை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் 154ஆம் எண் பிழை. இல்லாத முகவரியைக் கேட்டால் 149ஆம் எண் பிழை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஏற்பாடு மாறவில்லை.

இதில் நல்ல உதவிக்கோப்பு எப்படி இருக்கும் என்பதை ஒரு மாதிரியில் காட்டிவிடலாம். ‘சீரமைப்பான்’ என்று ஒரு கற்பனைப் பிளகின். கோப்பைச் சேமிக்கும்போது நிரலை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. அதன் ஒரு செட்டிங்குக்கான பதிவு:

நேரவரம்பு                    *சீரமைப்பான்-நேரவரம்பு*
    வகை: எண் (மில்லிவிநாடி)
    இயல்பு மதிப்பு: 1000
    வெளி நிரல் பதில் தர எவ்வளவு நேரம் காத்திருப்பது.
    இந்த நேரம் முடியும்வரை எடிட்டர் எதற்கும் அசையாது.
    பெரிய கோப்புகளில் உறைவது தெரிந்தால் மதிப்பைக்
    குறைக்காமல் |சீரமைப்பான்-பின்னணி| பார்க்கவும்.

வகை, இயல்பு மதிப்பு, செய்யும் காரியம், அதனால் பயனருக்கு நேர்வது, அடுத்து எங்கே போவது. கிட்ஹப் பக்கத்தில் இதே செட்டிங் பெரும்பாலும் ஒரு நிரல்துண்டுக்குள், வரியோரக் குறிப்பாக, ‘நேரவரம்பு, மில்லிவிநாடியில்’ என்ற இரண்டே சொற்களோடு நின்றுபோகிறது. எடிட்டர் உறைவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த வரிக்குத் தனியே இணைப்பு கொடுக்க வழியில்லை. எனக்கு ஆவணத்தின் தரத்தை அளக்க ஒரே சோதனை போதும் என்றால் அது இதுதான்: சந்தேகம் கேட்டவருக்கு ஒரு செட்டிங்கின் விளக்கத்துக்கு நேராக இணைப்பு அனுப்ப முடிகிறதா?

முகவரிக்கு முன்னொட்டு போடுவது சின்ன விஷயம்போலத் தெரியும். பிளகினின் பெயரை முன்னால் சேர்க்காமல் வெறுமனே ‘நேரவரம்பு’ என்று முகவரி வைத்தால், எடிட்டரின் சொந்த உதவியைத் தேடுகிறவரும் இங்கே வந்து விழுவார். விம்மில் முகவரிகள் எல்லாப் பிளகின்களுக்கும் பொது. இருபது பிளகின் நிறுவியிருக்கும் ஒருவருக்கு முன்னொட்டில்லாத ஒரே ஒரு பிளகின் போதும், எரிச்சலூட்ட. இன்னொன்று: ‘டேக்ஸ்’ கோப்பு தானாக உருவாவது, அதை கிட்டில் சேர்த்து அனுப்பக் கூடாது. பிளகின்களை சப்மாட்யூலாக வைத்திருப்பவரின் கணினியில் உதவி அட்டவணை புதிதாக உருவானவுடன் அந்தக் களஞ்சியம் மாறிவிட்டதாக கிட் புலம்பத் தொடங்கும். புறக்கணிப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அந்த ஒரு வரி இல்லாத பிளகின்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன.

விம் வடிவத்துக்குக் குறைகள் இல்லாமலில்லை. வரிக்கு 78 எழுத்து என்ற வழக்கம் 80 பத்தி அகல டெர்மினல்களின் காலத்து மிச்சம். எழுதுகிறவர் ஒவ்வொரு வரியையும் கையால் மடித்து வைக்கிறார். திரையை இரண்டாகப் பிரித்துப் படிக்கிறவருக்கு வரிகள் நடுவில் உடைந்து அலங்கோலமாகத் தெரிகின்றன. 2010இல் வந்த 7.3 பதிப்பு, நட்சத்திரங்களையும் செங்குத்துக் கோடுகளையும் திரையில் மறைத்துக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. படிக்க இதமாயிற்று, ஆனால் இணைப்புகளை வைத்துப் பத்தி பத்தியாக அடுக்கிய அட்டவணைகள் எல்லாம் குறி மறைந்த அளவுக்கு இடது பக்கம் சாய்ந்துவிட்டன. எழுதும்போது நேராக இருந்தது, படிக்கும்போது கோணலாகிறது. உதவிக்கோப்பில் இணைப்புகளை வைத்து அட்டவணை வரைவதை விட்டுவிட்டு, மேலே காட்டியதுபோலப் பெயரும் அதற்குக் கீழே உள்தள்ளிய விளக்கமுமாக எழுதுவதே நல்லது. அகலம் மாறினாலும் அது குலையாது.

மொழிபெயர்ப்புக்கும் விம் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. மொழியின் இரண்டெழுத்துக் குறியீட்டோடு ‘எக்ஸ்’ சேர்ந்தால் அது உதவிக்கோப்பின் பின்னொட்டு. ஜப்பானிய மொழிபெயர்ப்பு அப்படித்தான் ‘ஜேஏஎக்ஸ்’ என்று முடிகிறது. தமிழின் குறியீடு ‘டிஏ’; எனவே தமிழில் உதவிக்கோப்பு எழுத நினைக்கும் பிளகின்காரர் ‘டிஏஎக்ஸ்’ பின்னொட்டோடு இன்றைக்கே எழுதலாம், தமிழ் முகவரிகள் தனி அட்டவணையாகத் திரளும். சிக்கல் வேறு இடத்தில். நம் உயிர்மெய்க் குறிகள் டெர்மினலில் எத்தனை பத்தி இடம் பிடிக்கும் என்பதில் எடிட்டரும் டெர்மினலும் எப்போதும் ஒரே கணக்கு வைத்திருப்பதில்லை. வலது ஓரத்தில் முகவரிகளை வரிசையாக நிறுத்தும் விம் பாணி தமிழில் கோணல்மாணலாகவே தெரியும். முகவரியைத் தனி வரியில், இடது ஓரத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஈமாக்ஸ் வேறு பாதையில் போனது. 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட க்னூ ஈமாக்ஸில் விளக்கம் செயற்கூறுக்குள்ளேயே இருக்கிறது. செயற்கூறை வரையறுக்கும்போதே அதன் உள்ளே ஓர் உரை எழுதப்படுகிறது. பயனர் அந்தச் செயற்கூறைப் பற்றிக் கேட்டால் ஈமாக்ஸ் அந்த உரையை எடுத்துக் காட்டுகிறது. இதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. முதல் வரி தன்னளவில் முழுமையான வாக்கியமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தேடல் பட்டியல்களில் முதல் வரி மட்டுமே காட்டப்படும். உள்ளீடுகளின் பெயர்கள் பெரிய எழுத்தில். வேறொரு செயற்கூறின் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதினால் அது இணைப்பாகிவிடும். இவற்றைச் சரிபார்க்க ‘செக்டாக்’ என்ற கருவி ஈமாக்ஸோடேயே வருகிறது. பொதிகளைத் திரட்டி வழங்கும் மெல்பா களஞ்சியம், புதுப் பொதியைக் கொண்டுவருகிறவரிடம் செக்டாக் ஓட்டினாயா என்று கேட்கிறது.

இந்த விதிகளுக்குள் ஒன்று என்னை எப்போதும் வியக்க வைக்கும். விளக்கத்தில் ‘இந்த விசையை அழுத்தவும்’ என்று நேரடியாக எழுதாமல், ஒரு குறியீட்டுக்குள் கட்டளையின் பெயரை எழுத வேண்டும். படிக்கிறவரின் கணினியில் அந்தக் கட்டளை எந்த விசையில் இருக்கிறதோ அதை ஈமாக்ஸ் அந்த இடத்தில் நிரப்பிக் காட்டும். விசைகளைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டவருக்கும் ஆவணம் பொய் சொல்லாது. வலைப்பக்கத்தில் எழுதிய எந்த ஆவணத்தாலும் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் படிக்கிறவர் விசைகளை எப்படி மாற்றி வைத்திருக்கிறார் என்பது வலைப்பக்கத்துக்குத் தெரிய வழியில்லை. எடிட்டருக்குள் வாழும் ஆவணத்தின் சிறப்பு இங்கே முழுதாகத் தெரிகிறது.

பிறகு மார்க்டவுன் வந்தது. ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட இந்த வடிவம், கிட்ஹப் முகப்பில் ரீட்மீ கோப்பை அழகாகக் காட்டத் தொடங்கியபின் எல்லோருக்கும் பொது மொழியாகிவிட்டது. எழுதுவது எளிது, பார்க்க அழகு, தலைப்புகளுக்கு இணைப்பும் தானாகவே கிடைக்கிறது. இழந்தது என்ன என்பது உடனே தெரியவில்லை. தலைப்புக்கு முகவரி உண்டு. நிரல்துண்டுக்குள் இருக்கும் செட்டிங்குக்குக் கிடையாது. அட்டவணையின் ஒரு வரிசைக்கும் கிடையாது. ‘நிறுவுதல்’, ‘பயன்பாடு’, ‘உரிமம்’ என்று யாரும் தேடிவராத சொற்களுக்கெல்லாம் முகவரி அமைந்து, ‘நேரவரம்பு’ மட்டும் அனாதையாக நின்றது.

மார்க்டவுன் ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. முரண்பாடுகளைக் களையவே 2014இல் காமன்மார்க் முயற்சி தொடங்கியது. கிட்ஹப் தன் வகைக்கு 2017இல் தனியாக ஒரு விவரக்குறிப்பை வெளியிட்டது. அதற்குப் பிறகும் கிட்ஹப் புதுக் குறிகளைச் சேர்த்துக்கொண்டேதான் வருகிறது. வண்ணப் பட்டையோடு ‘குறிப்பு’, ‘எச்சரிக்கை’ என்று வரும் பெட்டிகளும், சொடுக்கினால் விரியும் பகுதிகளும் கிட்ஹப்பில் அழகு. அதே கோப்பு வேறொரு சந்தைப் பக்கத்திலோ எடிட்டரின் உள்முன்னோட்டத்திலோ திறந்தால் சதுர அடைப்புக்குறிகளும் ஆச்சரியக்குறிகளும் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கலாம். பல இடங்களில் படிக்கப்போகும் கோப்பை அடிப்படைக் குறிகளோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

2015இல் வந்த விஎஸ் கோட், ‘நீட்சி’ என்று தான் அழைக்கும் பிளகினுக்கு ரீட்மீயையே முகப்புப் பக்கமாக்கியது. மார்க்கெட்பிளேஸில் தெரிவதும் எடிட்டருக்குள் நீட்சியைச் சொடுக்கினால் தெரிவதும் அதே கோப்பு. வெளியிடும் கருவி சில கட்டுப்பாடுகளை வலியுறுத்துகிறது: படங்கள் பாதுகாப்பான இணைப்பிலிருந்து வர வேண்டும், எஸ்விஜி படங்களுக்கு அனுமதி குறைவு, மாதிரி வார்ப்பில் வந்த ரீட்மீயை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வெளியிட முயன்றால் முதலில் அதைத் திருத்திவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடும். இந்தக் கடைசி விதியைப் பார்க்கும்போது, எத்தனை பேர் அப்படி அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று சிரிப்பு வருகிறது.

ஆனால் விஎஸ் கோடின் உண்மையான ஆவணம் ரீட்மீயில் இல்லை, நீட்சியின் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு செட்டிங்கும் அங்கே பெயர், வகை, இயல்பு மதிப்பு, விளக்கம் ஆகியவற்றோடு பதிவாகிறது. செட்டிங்ஸ் திரையில் தேடினால் இந்த விளக்கம்தான் வருகிறது. நீட்சிப் பக்கத்தின் அம்சங்கள் பகுதியில் எல்லா செட்டிங்குகளும் கட்டளைகளும் அட்டவணையாகத் தானே அமைகின்றன. விளக்கத்தை மார்க்டவுனில் எழுத ஒரு புலம் உண்டு. அதில் வேறொரு செட்டிங்கின் பெயரைத் தனிக்குறிக்குள் எழுதினால் அதற்கு நேரே இணைப்பு விழும். தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு மதிப்புக்கும் தனி விளக்கம் எழுதலாம். வழக்கொழிந்த செட்டிங்குக்கு எச்சரிக்கை எழுதலாம். விம்மின் நட்சத்திர முகவரிகள் செய்த வேலையை இங்கே ஜேசன் செய்கிறது. இருந்தும் பல நீட்சிகளில் ரீட்மீ இருபது திரை நீளத்துக்கு இருக்க, செட்டிங்கின் விளக்கம் மட்டும் செட்டிங்கின் பெயரையே திருப்பிச் சொல்கிறது. ‘நேரவரம்பு: நேரவரம்பை அமைக்கிறது.’ உழைப்பு தவறான கோப்பில் விழுந்திருக்கிறது.

மற்ற எடிட்டர்களை விரைவாகக் கடக்கலாம். சப்லைம் டெக்ஸ்ட் பொதிகள், நிறுவியவுடனும் புதுப்பித்தவுடனும் ஒரு சாதாரண உரைக்கோப்பைத் திறந்து காட்ட முடியும்; மார்க்டவுனில் எழுதினால் குறிகள் அப்படியே தெரியும் என்பதால் அதற்கு வெறும் உரையே பொருந்தும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் அறிமுகமும் மாற்றக்குறிப்பும் பிளகினின் எக்ஸ்எம்எல் கோப்புக்குள் எச்டிஎம்எல்லாக எழுதப்படுகின்றன. அந்த அறிமுகம் லத்தீன் எழுத்தில் தொடங்கி குறைந்தது 40 எழுத்தாவது இருக்க வேண்டும் என்று அவர்களுடைய சரிபார்ப்பு கேட்கிறது. தமிழில் அறிமுகம் எழுத நினைப்பவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டுத்தான் தமிழுக்கு வர முடியும்.

வலையில் காட்ட ஒரு வடிவம், எடிட்டருக்குள் காட்ட இன்னொரு வடிவம் என்றால் இரண்டையும் யார் எழுதிக்கொண்டிருப்பது? ஒரே மூலத்திலிருந்து இரண்டையும் உருவாக்கும் யோசனை பழையது. க்னூ திட்டத்தின் டெக்ஸ்இன்ஃபோ வடிவம் 1980களிலேயே ஒரே மூலத்திலிருந்து அச்சுப் புத்தகத்தையும் ஈமாக்ஸுக்குள் படிக்கும் இன்ஃபோ பக்கங்களையும் தந்தது. அதில் எழுத்தாளர் அட்டவணைச் சொற்களை வெளிப்படையாகக் குறிக்க வேண்டியிருந்தது; எனவே எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் முகவரிகள் கூடவே போயின. இன்றைய கருவிகள் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. முகவரியே இல்லாத மார்க்டவுனை எடுத்து முகவரிகள் உள்ள விம் உதவியாக மாற்றப் பார்க்கின்றன.

ஆவண வடிவங்களை மாற்றும் பாண்டாக் கருவியை அடிப்படையாகக் கொண்ட பான்விம்டாக் இந்த வேலையைச் செய்கிறது. ரீட்மீ மாறும்போதெல்லாம் கிட்ஹப்பிலேயே ஓடி உதவிக்கோப்பைப் புதுப்பித்துவிடும். 2014இல் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் எடிட்டரின் பயனர்கள் பலர் வைத்திருக்கும் லேசி பிளகின் மேலாளர் இன்னும் ஒரு படி போய், உதவிக்கோப்பே இல்லாத பிளகின்களின் ரீட்மீ தலைப்புகளைத் தானே முகவரிகளாக்கி வைக்கிறது. எதுவுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கிடைக்கிற உதவிக்கோப்பைத் திறந்து பாருங்கள். பேட்ஜ்கள் நீண்ட இணைப்புகளாக அணிவகுத்து நிற்கும். ஜிஃப் இருந்த இடத்தில் ஒரு வலை முகவரி மட்டும் மிஞ்சும். எடிட்டருக்குள் இருந்துகொண்டே ‘இந்த எடிட்டரில் எப்படி நிறுவுவது’ என்று படிக்க நேரும். செட்டிங்குகள் மட்டும் நிரல்துண்டுக்குள் பழையபடியே கிடக்கும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. மூலத்தில் இல்லாத முகவரியை அது எங்கிருந்து கொண்டுவரும்? மாற்றும் கருவியைப் பயன்படுத்துவதானால் ரீட்மீயை எழுதும் முறையும் மாற வேண்டும்: பேட்ஜ், படம், நிறுவும் முறை ஆகியவற்றை மாற்றத்திலிருந்து விலக்கும் குறிப்புகளுக்குள் வைத்துவிட்டு, ஒவ்வொரு செட்டிங்குக்கும் தனி உபதலைப்பு கொடுக்க வேண்டும். கிட்ஹப் பக்கம் கொஞ்சம் நீளும். நீளட்டும், தலைப்புக்கு இணைப்பாவது கிடைக்கும்.

இதைவிட எனக்கு உவப்பானது, நிரலின் குறிப்புகளிலிருந்தே ஆவணத்தைத் திரட்டும் வழி. நியோவிம், தன் லுவா நிரல்களின் மேலே எழுதப்பட்ட குறிப்புகளைக் கொண்டே தன் உதவிப் பக்கங்களில் ஒரு பகுதியை உருவாக்கிக்கொள்கிறது. உள்ளீட்டின் பெயர், வகை, விளக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட வடிவத்தில் எழுதிவிட்டால், எடிட்டரில் தட்டும்போது வரும் தானியங்கிப் பரிந்துரையும் அதையே காட்டும், உதவிப் பக்கமும் அதையே காட்டும். பிளகின்களுக்கும் இதே வேலைக்கு லெமிஹெல்ப், மினிடாக் போன்ற கருவிகள் இருக்கின்றன. நிரலைத் திருத்துகிறவரின் கண்முன்னே விளக்கம் இருப்பதால் அவர் அதையும் திருத்தும் வாய்ப்பு அதிகம். குறை ஒன்று உண்டு: செயற்கூறுகளின் வரிசையிலேயே ஆவணமும் அமைந்துவிடும். படிக்கிறவருக்கு வேண்டிய வரிசை அது அல்ல. முன்னுரை, பிரிவுகளின் அடுக்கு, எடுத்துக்காட்டுகள் ஆகியவற்றைக் கையால் எழுதி, நடுவில் திரட்டிய பகுதியைச் செருகுவதே நடைமுறையில் சரிப்பட்டுவருகிறது.

உதவிக்கோப்பை இயந்திரம் படிக்கும்போது கவனக்குறைவான எழுத்தின் விலை தெரிகிறது. நியோவிம் 2024இல் வெளியிட்ட 0.10 பதிப்பில் உதவிக்கோப்புகளுக்கு ட்ரீசிட்டர் என்ற பகுப்பான் முறையில் வண்ணமிடுவதை இயல்பாக்கியது. நிரல்துண்டைத் தொடங்கும் ‘>’ குறிக்குப் பின்னால் மொழியின் பெயரை எழுதினால் அந்த மொழிக்குரிய வண்ணங்கள் வரும். அதே பகுப்பானைக் கொண்டுதான் தன் உதவி முழுவதையும் வலைப்பக்கங்களாக மாற்றி வெளியிடுகிறது. மாற்றும்போது பழைய கோப்புகள் பலவற்றை வரி உடைப்பு மாறாமல் அப்படியே காட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் பத்தி எது, அட்டவணை எது, வெறும் உள்தள்ளல் எது என்று இயந்திரத்தால் பிரிக்க முடியவில்லை. ஒழுங்காக எழுதிய கோப்புகள் மட்டும் திரையின் அகலத்துக்கு ஏற்ப ஓடுகின்றன. இன்று உதவிக்கோப்பு எழுதத் தொடங்குகிறவர் நிரல்துண்டைத் திறந்தால் மூடுவது, பத்திகளுக்கு நடுவே வெற்று வரி விடுவது, உள்தள்ளலை ஒரே அளவில் வைப்பது என்ற மூன்றில் கவனமாக இருந்தால் நாளைக்கு அந்தக் கோப்பு வலைக்கும் தயார்.

மொழிச்சேவையகங்களின் வழியே வரும் மிதவைக் குறிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். மைக்ரோசாஃப்ட் 2016இல் அறிவித்த மொழிச்சேவையக நெறிமுறையில், சேவையகம் அனுப்பும் விளக்கம் மார்க்டவுனாகவும் இருக்கலாம், வெறும் உரையாகவும் இருக்கலாம்; எது தனக்குப் புரியும் என்பதை எடிட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும். அதைக் கவனிக்காமல் எல்லோருக்கும் மார்க்டவுன் அனுப்பும் சேவையகத்தால் சின்ன மிதவைப் பெட்டிக்குள் நட்சத்திரங்களும் பின்மேற்கோள்களும் சிதறிக் கிடக்கும். மிதவைப் பெட்டி நாலைந்து வரிதான் தாங்கும். முதல் வரியிலேயே செய்தி இருக்க வேண்டும் என்ற ஈமாக்ஸ் விதியை இங்கேயும் அப்படியே பின்பற்றலாம்.

எதை எங்கே எழுதுவது என்பதற்கு இப்போது பலரும் டானியேல் ப்ரோசிடாவின் டயடாக்ஸிஸ் முறையைக் கைகாட்டுகிறார்கள்: கற்பிக்கும் பாடம், காரியம் முடிக்கும் வழிகாட்டி, தகவல் குறிப்பு, விளக்கம் என்று ஆவணங்கள் நான்கு வகை, ஒன்றோடொன்றைக் கலக்காதே என்கிறது அது. பெரிய மென்பொருளுக்கு நல்ல முறைதான். முந்நூறு வரிப் பிளகினுக்கு நாலு கோப்பு எழுதச்சொன்னால் ஒன்றுகூட எழுதி முடியாது. விம் தன் உதவியை 2001லேயே இரண்டாகப் பிரித்தது: வரிசையாகப் படிக்கப் பயனர் கையேடு ஒன்று, தேடிப்போய்ப் பார்க்கக் குறிப்புதவிக் கையேடு ஒன்று. சின்னப் பிளகினுக்கு இந்த இரண்டே ஏராளம். ரீட்மீயில் இது என்ன செய்யும், யாருக்கு ஒத்துவராது, எப்படி நிறுவுவது, முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்து பார்க்கலாம், மீதியெல்லாம் உதவிக்கோப்பில். ‘யாருக்கு ஒத்துவராது’ என்ற பகுதியை எழுதுகிறவர்கள் அபூர்வம். பயனுள்ள பகுதியும் அதுதான்.

படங்களைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நிரல் எப்படி மாறுகிறது என்பதை ஒரு ஜிஃப் காட்டும் வேகத்தில் எந்தப் பத்தியும் காட்டாது. ஆனால் அந்த ஜிஃப்பில் எந்த விசை அழுத்தப்பட்டது என்று தெரிவதில்லை, அதற்குள் தேட முடிவதில்லை, இடைமுகம் மாறிய பிறகும் பழைய திரையே ஓடிக்கொண்டிருக்கும், பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. படத்துக்குக் கீழே அதில் நடப்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதிவிட்டால் பாதிக் குறை தீரும். உதவிக்கோப்பின் தலையில் எழுத்துகளையும் கோடுகளையும் அடுக்கி வரையும் பெரிய பெயர்ப்பலகைகளுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. திரைவாசிப்பான் அதை ஒவ்வொரு குறியாக ஓதிக்கொண்டிருக்கும். விம்மில் முதல் வரிக்குத் தனி மரியாதை உண்டு: அங்கே இருக்கும் முகவரியும் சிறு விளக்கமும்தான், எடிட்டரின் முதன்மை உதவிப் பக்கத்தில் வரும் நிறுவிய பிளகின்களின் பட்டியலில் தெரியும். அந்த வரியில் படம் வரையத் தொடங்கினால் பட்டியலில் அதன் முதல் கீற்றுதான் வந்து நிற்கும்.

கணினியில் இருக்கும் பிளகினும் கிட்ஹப்பில் இருக்கும் ரீட்மீயும் வெவ்வேறு பதிப்புகளாக இருப்பது அன்றாடம் நடப்பது. ரீட்மீ முதன்மைக் கிளையின் இன்றைய நிலையைச் சொல்கிறது. பயனர் வைத்திருப்பதோ போன வருடத்து வெளியீடு. படித்து எழுதிய செட்டிங் வேலை செய்யாது, பிழைச்செய்தியும் வராது. பிளகினோடு சேர்ந்து இறங்கும் உதவிக்கோப்புக்கு இந்தக் கோளாறு வரவே வராது. ரீட்மீயை நம்பியிருப்பவர்கள் குறைந்தபட்சம் ‘இந்தப் பதிப்பிலிருந்து’ என்ற குறிப்பைப் புது செட்டிங் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத வேண்டும். பெயர் மாறிய செட்டிங்கின் பழைய பெயரை உடனே அழிக்காமல், புதுப் பெயருக்குக் கைகாட்டும் ஒரு வரியாவது விட்டுவைக்க வேண்டும். தேடி வருகிறவர் கையில் இருப்பது பழைய பெயர்தான்.

ஆவணம் நிரலை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள மனித முயற்சி மட்டும் போதாது. தானியங்கிச் சோதனைகளோடு ‘ஹெல்ப்டேக்ஸ்’ கட்டளையை ஒருமுறை ஓட்டினாலே இரட்டை முகவரிகள் சிக்கிவிடும். உடைந்த இணைப்புகளைப் பிடிக்க, செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் சொற்களையெல்லாம் டேக்ஸ் கோப்போடு ஒப்பிட்டால் போதும். அதற்கு அடுத்த சோதனையைச் செய்கிறவர்கள் குறைவு: பிளகினின் இயல்பு மதிப்புகள் இருக்கும் நிரலைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு செட்டிங் பெயருக்கும் உதவிக்கோப்பில் முகவரி இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சிறு நிரல். இல்லாவிட்டால் சோதனை தோற்க வேண்டும். முகவரி இல்லாத புது செட்டிங் உள்ளே வர முடியாது. விளக்கம் நன்றாக இருக்கிறதா, பொய் சொல்கிறதா என்பதை அது பார்க்காது. முதல்முறை ஓட்டும்போது விடுபட்ட பெயர்கள் வரிசையாக வந்து விழும். அந்தப் பட்டியலையும், ‘இதை எப்படி மாற்றுவது’ என்று பயனர்கள் கேட்டுப் பதில் வாங்கிப்போன பழைய கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிகம் பேர் கேட்ட செட்டிங்கிலிருந்து எழுதத் தொடங்கலாம்.